தலைகீழாக விழ வேண்டிய சிலுவை

முகத்துக்கு நேரே யாரும் அவளைப் பேயக்கா என்று கூப்பிட்டதில்லை. முதுகுக்குப் பின்னால் அப்படிக் கூப்பிடாதவர் சபையில் இல்லை. அவளுக்கும் அது தெரியும். "பேயைப் பார்த்து ஓடறவங்களைவிடப் பேயக்காவைப் பார்த்து ஓடறவங்கதான் இங்க ஜாஸ்தி" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். சிரித்து முடித்ததும், கூடச் சிரித்தவர் யார், சிரிக்காதவர் யார் என்று ஒரு நோட்டம் விடுவாள். சந்தேகம் அவளுக்குக் கூடவே பிறந்த குணம். தராசுக்காரர் கையைப் பார்ப்பாள், மருந்துச் சீட்டை இரண்டு தரம் படிப்பாள், பாராட்டினால் எதற்குப் பாராட்டுகிறார்கள் என்று யோசிப்பாள்.

தொழில், பேய்ப் படங்களுக்குச் சாமான் செய்வது. அதற்கு முன்னால் ஓர் ஆஸ்பத்திரியில் எலும்பு முறிவுப் பிரிவில் மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள். அறுத்தெடுத்த பழைய கட்டுகளைத் தூக்கிப் போட மனமில்லாமல் ஜன்னலோரம் நிறுத்தி வைப்பாள். முழங்கை மடங்கிய கட்டு, பாதம் வரை நீண்ட கட்டு, எல்லாம் வரிசையாக நிற்கும். கால் உடைந்து வந்த ஓர் இளம் சினிமா இயக்குநர் அதைப் பார்த்துவிட்டுத் தன் வலியை மறந்துபோனார். "உள்ள ஆளே இல்ல. ஆனா எல்லாரும் நம்மளத் திரும்பிப் பாக்கப் போற மாதிரி இருக்கே அக்கா!" என்றார். கட்டுப் பிரிக்கிற நாளில் வேலைக்குக் கூப்பிட்டார். இவன் எதற்குக் கூப்பிடுகிறான் என்று ஒரு மாதம் சந்தேகப்பட்டுவிட்டுப் போய்ச் சேர்ந்தாள்.

வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகைதான் பட்டறை. அலமாரி முழுக்கக் கைகள், காதுகள், கண் திறந்த தலைகள். காலையில் வேலை தொடங்குமுன் அத்தனைக்கும் நடுவில் முழங்கால் போட்டு ஜெபம் செய்வாள். "வெட்டுப்பட்ட தலைங்களுக்கு முன்னாடி ஆண்டவரேன்னு உருகற ஒரே பொம்பளை நீதான்" என்பார் கணவர். அவர் ஆலயத்தில் வேலை பார்ப்பவர். மணியடிப்பது, பெஞ்சு துடைப்பது, சாவி வைத்துக்கொள்வது எல்லாம் அவர்தான். நல்ல மனிதர். ஆனால் வாயில் எதுவும் தங்காது. அவரிடம் ஒன்றைச் சொல்வதும் ஆலய மணியை அடிப்பதும் ஒன்றுதான், ஊருக்கே கேட்டுவிடும்.

நல்ல பேய்ப் படம் எது என்பதில் அவளுக்குத் திட்டமான கருத்து உண்டு. கனம் இல்லாத பொருள் யாரையும் பயமுறுத்தாது. அதனால் அவள் செய்த வெட்டுண்ட கையை மேசையில் போட்டால் தொப்பென்று சத்தம் கேட்கும். அப்புறம், பேய் வருகிற வீட்டில் நல்லது ஒன்று இருந்தே ஆக வேண்டும். "இழக்கறதுக்கு ஒண்ணுமே இல்லாத வீட்டுல பேய் வந்தா என்ன, வராட்டி என்ன தம்பி?" என்று இயக்குநரை மடக்குவாள். அவருக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. இருந்தாலும் கதை எழுதியதும் முதலில் அவளிடம்தான் வாசித்துக் காட்டுவார். "இந்தப் பிசாசு சரியா இருக்கா அக்கா?" "சரியில்ல. வரும்போதே பல்லைக் காட்டிட்டு வருது. நிஜப் பிசாசு சாதுவா வரும், அது உக்கார நீங்களே நாற்காலி எடுத்துப் போடுவீங்க." போதகர் வேஷம் போட்டவர் வாய்க்கு வந்ததை முணுமுணுத்தாலும் விடமாட்டாள். நிஜமாகவே ஜெபம் செய்யச் சொல்வாள். ஒருமுறை அந்த நடிகர் ஜெபத்தின் நடுவில் அழுதுவிட்டார். அந்தக் காட்சிதான் அந்தப் படத்தைக் காப்பாற்றியது.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவளுக்கு வேறு வேலை. மன்றாட்டு ஜெபத்தை முன்னால் நின்று நடத்துவது. புதிதாக வந்த இளம் போதகர் அவளிடம் ஒப்படைத்த பொறுப்பு அது. நோயாளிகள், வேலை இழந்தவர்கள், பிள்ளைக்காகக் காத்திருப்பவர்கள் என்று ஒவ்வொருவராகப் பேர் சொல்லிக் கேட்பாள். அந்தக் கொஞ்ச நேரம் அவள் பேயக்கா இல்லை. அவள் வாயிலிருந்து தங்கள் பேர் வர வேண்டுமென்று சனங்கள் காத்திருப்பார்கள். வாழ்க்கையில் அவள் சந்தேகப்படாமல் நின்ற இடம் அது ஒன்றுதான். அதை யாராவது பிடுங்கிவிடுவார்களோ என்ற பயம் மட்டும் உள்ளே இருந்துகொண்டே இருந்தது.

பிடுங்க வந்தவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். ஒளிந்து மறைந்து வரவில்லை. நேராகவே சபைக் கமிட்டியில் புகார் கொடுத்தார்: பிசாசுப் படத்துக்கு வேலை செய்கிறவர் பலிபீடத்தின் பக்கத்தில் நிற்கலாமா?

இந்தச் சமயத்தில் பலிபீடத்துச் சிலுவை வேறு அவள் பட்டறையில் கிடந்தது. ஆள் உயரத் தேக்குச் சிலுவை. ஓரமெல்லாம் செல் அரித்துவிட்டது என்று பழுது பார்க்கக் கொடுத்திருந்தார்கள். பட்டறைக்கு வந்த இயக்குநர் அதைக் கண்டதும் விடவில்லை. "அக்கா, இதே சிலுவை வேணும். சுவத்துல இருந்து தானா விழணும். தலைகீழா விழணும்." "சபைச் சாமானைத் தொட்டா கையை உடைச்சு நானே மாவுக்கட்டுப் போடுவேன்" என்றாள். ஆனால் அதைப் போலவே இன்னொன்று செய்யச் சம்மதித்தாள்.

செய்தாள் பாருங்கள், அதுதான் வேலை. செல் அரித்த ஓட்டைகளைக்கூட ஒவ்வொன்றாகப் பார்த்துப் போட்டாள். தலைப் பக்கத்தைக் குடைந்து ஈயம் ஊற்றினாள். தலை முந்தி விழ வேண்டுமே. பின்பக்க வளையத்தை ஒரு மர ஆப்பில் மட்டும் நிறுத்தினாள். நூலைக் கட்டி இழுத்தால் ஆப்பு நழுவும், சிலுவை விழும். முடித்து இரண்டையும் அருகருகே சாய்த்து வைத்தபோது அவளுக்கே ஒரு நிமிஷம் திக்கென்றது. திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்துத்தான் நிஜம் எது என்று தெரிந்துகொண்டாள். இரண்டையும் போர்வையில் சுற்றி, சபையுடையதைக் கதவோரமும் படத்துடையதை ஜன்னலோரமும் நிறுத்தினாள்.

விசாரணை நாளன்று தலைமையாசிரியர் ஒரு நிபந்தனை போட்டார். கமிட்டி உட்காருவதற்குள் நம் சிலுவை அந்தக் கொட்டகையை விட்டு வெளியே வந்துவிட வேண்டும். கணவர் வண்டி பிடிக்க ஓடினார். படப்பிடிப்பு வண்டியும் அன்றுதான் வருவதாக இருந்தது. நடுவில் கிடைத்த கொஞ்ச நேரத்தில், மனசு தாங்காமல், கதவோரத்துச் சிலுவையின் போர்வையைப் பிரித்துச் சுவரில் சாய்த்து முன்னால் விழுந்து அழுதாள். அந்த இடத்தை மட்டும் என்னிடமிருந்து எடுத்துவிடாதேயும் ஆண்டவரே என்று கேட்டாள். வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு அவசரமாகச் சுற்றி நிறுத்திவிட்டு விசாரணைக்கு ஓடினாள்.

"பயந்தவன்தான் ஐயா முதல்ல ஆண்டவரேன்னு கூப்பிடுவான்" என்று அங்கே வாதாடினாள். "என் படத்தைப் பார்த்துட்டு ஜெபம் பண்ணாம படுத்தவன் ஒருத்தனைக் காட்டுங்க."

"வீட்டுக்குத் தீ வச்சிட்டு, நாலு பேருக்குத் தண்ணியோட அருமையைக் காட்டினேன்னு சொல்லுவியாம்மா?" என்றார் தலைமையாசிரியர்.

கமிட்டி சிரித்தது. நல்ல கேள்வி என்பதால்தான் அவளுக்குக் கோபம் அதிகமாக வந்தது. கடைசியில் போதகர் நடுவில் புகுந்து தீர்ப்புச் சொன்னார். அவள் ஜெபம் நடத்தலாம். ஆனால் பலிபீடத்துப் பொருள் எதையும் இனித் தொடக் கூடாது, படச் சாமானும் சபைச் சாமானும் ஓரிடத்தில் சேரக் கூடாது. வீடு திரும்பியபோது பட்டறை காலியாக இருந்தது. கணவர் சிலுவையைக் கொண்டுபோய் மாட்டிவிட்டார். படத்துக்காரர்களும் வந்து எடுத்துப் போய்விட்டார்கள்.

மாதங்கள் கழித்துப் படம் வெளியானது. தியேட்டரில் இயக்குநர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள். சிலுவை விழுகிற காட்சி வந்தது. விழுந்தது. ஆனால் தலைகீழாக இல்லை. அடிப்பாகம் தரையில் குத்தி, ஒரு மூச்சு நேரம் நேராக நின்று, பிறகு மெல்லச் சுவரில் சாய்ந்தது.

இயக்குநர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "அசத்திட்டீங்கக்கா! தலைகீழா விழுந்திருந்தா பிசாசு வேலைன்னு தெரிஞ்சு நிம்மதியா உக்காந்திருப்பாங்க. இது நிக்குது பாருங்க, யார் வேலைன்னே தெரியல. அதான் உயிரை வாங்குது."

தலையில் ஈயம் ஊற்றிய சிலுவை எப்படி நிற்கும் என்று அவள் யோசித்தாள்.

அந்த ஞாயிறு ஆலயத்தில் அண்ணாந்து பார்த்தாள். அரிப்பு ஓட்டைகள் அத்தனையும் அதனதன் இடத்தில் இருந்தன. அதில் என்ன கண்டுபிடிக்க முடியும்? அவள் கைவேலை அவளுக்கே எதிரியாக நின்றது. நேர்கீழே, தூண் ஓரமாக, தலைமையாசிரியர் முழங்கால் போட்டிருந்தார். பழைய சபை அது, முழங்கால் போட்டு அப்பம் வாங்கும் திருவிருந்து வாராவாரம் உண்டு. அவருக்கு முழங்கால் மூட்டில் தகராறு, தூணைப் பிடித்துத்தான் இறங்கி ஏறுவார். அதனால் அந்த இடத்தை விட்டு நகரமாட்டார். கண்ணை மூடியவர் நடுவில் ஒருமுறை மேலே பார்த்தார். இவர் ஏன் மேலே பார்க்கிறார்? தெரிந்துகொண்டாரா? என்னைக் கையும் களவுமாகப் பிடிக்கக் காத்திருக்கிறாரா? பின் பெஞ்சில் இளவட்டங்கள் கிசுகிசுத்தார்கள். படத்தைப் பார்த்துச் சிலுவையை அடையாளம் கண்டுவிட்டார்களோ என்று காதைத் தீட்டினாள். அவர்கள் பேசியது கிரிக்கெட்.

வீட்டில் கணவரை மெல்லத் துருவினாள். "மாட்டும்போது பின்பக்கம் பாத்தீங்களா?"

"ஏன் கேக்கற?"

"சும்மாதான்."

"நீ சும்மா கேக்கற ஆளா? வளையம் இருந்துச்சு, ஆணியில மாட்டினேன். புது வளையம் போட்டிருந்தியே, பளபளன்னு."

அவள் சபைச் சிலுவையின் வளையத்தைத் தொடவே இல்லை. அது துருப்பிடித்த பழைய வளையம். எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினாள். அவரிடம் சொன்னால் விடிவதற்குள் சபை முழுக்கத் தெரிந்துவிடும். பலிபீடத்தில் இத்தனை மாதமாகச் சினிமாச் சாமானை மாட்டி வைத்துக் கும்பிட வைத்தாள் என்பார்கள். வேண்டுமென்றே செய்தாள் என்பார்கள். அவளாக இருந்தாலும் அப்படித்தான் சந்தேகப்பட்டிருப்பாள்.

இரண்டாவது ஞாயிறும் போனது. அடுத்த நாள் இயக்குநருக்குப் போன் செய்தாள். அந்தச் சிலுவையைப் பார்க்க வேண்டும் என்றாள்.

"எங்கக்கா பாக்கறது? கடைசிக் காட்சியில எரிஞ்சுதே, அது வேற டூப்பு இல்ல, அதேதான். என்னமா நின்னு எரிஞ்சுது! ஆனா நூல் கட்ட இடமே இல்லன்னு பசங்க புலம்பினாங்க. அப்புறம் ஆணியோட பிடுங்கித்தான் விழ வச்சாங்க."

போனை வைத்தாள். தாத்தா காலத்திலிருந்து சபை முழங்கால் போட்ட சிலுவை கேமராவுக்கு முன்னால் சாம்பலாகிவிட்டது. விசாரணை நாள் காலையில் அவள் எதன் முன்னால் அழுதாள் என்று யோசித்துப் பார்த்தாள். நிஜத்தின் முன்னால் அழுதுவிட்டு இடம் மாற்றி வைத்தாளா? இல்லை, தான் ஈயம் ஊற்றிய பொம்மையிடமே தன் இடத்தைக் காப்பாற்றச் சொல்லிக் கெஞ்சினாளா? அது அவளுக்குக் கடைசிவரை தெரியவில்லை.

மூன்றாவது ஞாயிறு சிலுவை லேசாகச் சாய்ந்திருந்தது. கணவர் மணியடிக்கும்போதெல்லாம் அந்தச் சுவர் அதிரும். ஆப்பு நழுவத் தொடங்கிவிட்டது. சபையில் அவள் ஒருத்திக்குத்தான் அது கண்ணில் பட்டது. கீழே தலைமையாசிரியரின் வழுக்கைத் தலை குனிந்திருந்தது. அவள் நோயாளிகளின் பேரைச் சொல்லும்போது குரல் நடுங்கியது. வெளியே வரும்போது ஒரு பெண் அவள் கையைப் பிடித்து, "இன்னிக்கு ஜெபம் ரொம்ப உருக்கமா இருந்துச்சுக்கா" என்றாள்.

அன்று சாயங்காலமே தலைமையாசிரியர் வீட்டுக்குப் போனாள். அவர் முன்னறையில் மூட்டுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, அடுத்த வாரம் கொஞ்சம் தள்ளி, அந்த ஓரமா முழங்கால் போடுங்களேன்."

அவர் தைலத்தை மூடினார். "ஏன்?"

"அங்க காத்து வரும்."

"என்னை அங்கிருந்து கிளப்பச் சொல்லி யாரு அனுப்பினா?"

"யாரும் இல்ல ஐயா."

"நான் உன்மேல புகார் கொடுத்தவன். நீ என் மூட்டு மேல அக்கறைப்பட்டு வீடு தேடி வர்றே. நான் என்னத்தை நினைக்கட்டும், சொல்லு."

சொல்லிவிடலாம் என்று வாய் வரை வந்தது. அவருடைய கண்ணைப் பார்த்தாள். சந்தேகம் அப்படியே அதில் நின்றது. அவள் தினம் கண்ணாடியில் பார்க்கிற பார்வைதான். மென்று விழுங்கிவிட்டு எழுந்து வந்துவிட்டாள். வழியில் ஒரு நினைப்பு வந்தது. கீழே இருப்பது வேறு யாராகவாவது இருந்திருந்தால், போதகராகவோ ஒரு குழந்தையாகவோ இருந்திருந்தால், முதல் ஞாயிறே கத்தியிருக்க மாட்டாளா? அவர் என்பதால்தான் நாக்கு எழவில்லையோ? அந்த வாரம் முழுவதும் வேறு யாரையும் சந்தேகப்பட அவளுக்கு நேரமே இருக்கவில்லை.

நான்காவது ஞாயிறு அவள் முன்னால் வந்து நின்றாள். சிலுவை இன்னும் சாய்ந்திருந்தது. திருவிருந்துக்கு முதல் வரிசைக்காரர்கள் ஏற்கெனவே முழங்கால் போட்டிருந்தார்கள். நோயாளிகளின் பேரைத் தொடங்கினாள். இரண்டு பேருக்கு மேல் வரவில்லை.

"ஐயா, எழுந்திரிங்க" என்றாள்.

யாரைச் சொல்கிறாள் என்று யாருக்கும் புரியவில்லை. அவளே இறங்கிப் போய்த் தலைமையாசிரியரின் தோளைப் பிடித்துத் தூக்கினாள். அவர் கையை உதறினார். "விடும்மா! என்ன இது?" அவள் விடவில்லை. பெஞ்சு வரைக்கும் இழுத்துப் போய் உட்கார வைத்தாள். மற்றவர்களும் விலகினார்கள். எல்லாரும் மேலே பார்த்தார்கள்.

அவளுடைய படமாக இருந்தால் அந்த விநாடி விழுந்திருக்கும். விழவில்லை. சிலுவை பேசாமல் சுவரில் தொங்கியது. சபை மேலே பார்ப்பதை விட்டுவிட்டு அவளைப் பார்த்தது. ஒரு குழந்தை சிரித்தது.

வேறு வழியில்லை. நின்ற இடத்திலேயே சொன்னாள். அது நம் சிலுவை இல்லை, நான் படத்துக்குச் செய்தது, நம்முடையது எரிந்துபோய்விட்டது, இது விழுவதற்கென்றே செய்தது, தலையில் ஈயம் இருக்கிறது. சொல்லச் சொல்ல முகங்கள் சுண்டின. கணவர் நம்பாமல் ஏணியைக் கொண்டுவந்து ஏறினார். கையை வைத்ததும் டக்கென்று ஆப்பு கழன்றது. முழுக் கனமும் அவர் கையில் இறங்க, ஏணி ஆடியது, இரண்டு பேர் ஓடிப் பிடித்தார்கள். சிலுவை அவர் நெஞ்சில் தலைகீழாகப் புரண்டது. செய்த வேலையில் ஒரு பிசகும் இல்லை.

தலைமையாசிரியர் அந்தக் கனத்தைப் பார்த்தார். பிறகு தான் முழங்கால் போட்டிருந்த இடத்தைப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. தியேட்டரில் இருட்டில் அவள் எத்தனையோ முகங்களில் பார்த்துச் சந்தோஷப்பட்ட வெளுப்புதான் அது. இப்போது பார்க்க முடியவில்லை.

"எப்பலேருந்து தெரியும்?" என்று கேட்டார்.

இப்போதுதான் சந்தேகம் வந்தது என்று சொல்லியிருக்கலாம். காப்பாற்றினாள் என்று அவளைக் கொண்டாடியிருப்பார்கள். பொய் என்று யாரும் கண்டுபிடிக்கவும் முடியாது.

"மூணு ஞாயிறா தெரியும் ஐயா."

"மூணு ஞாயிறும் நான் அங்கதான் இருந்தேன்."

"ஆமா."

"நீ பாத்துக்கிட்டிருந்தே."

"ஆமா ஐயா. பாத்துக்கிட்டே ஜெபம் பண்ணினேன்."

அவர் அடித்திருந்தால்கூட அவளுக்குப் பரவாயில்லை. ஒன்றும் செய்யவில்லை. போதகர் பதற்றத்தில் என்ன செய்வதென்று தெரியாமல், வெற்றுச் சுவருக்குக் கீழே அப்பத்தை எடுத்துத் தொடர்ந்தார். ஒவ்வொருவராக முன்னால் போனார்கள். அவள் ஆலயத்தை விட்டு வெளியேறத் திரும்பினாள்.

"நில்லு" என்றார் தலைமையாசிரியர். "உன்மேல கோபத்தோட நான் அந்த அப்பத்தை வாங்க முடியாது. வேதத்துல அப்படித்தான் சொல்லியிருக்கு. கோபம் போகவும் மாட்டேங்குது. நான் என்ன செய்யட்டும், நீயே சொல்லு."

அவள் பெஞ்சுப் பக்கம் திரும்பி வந்தாள். "எனக்கும் தெரியல ஐயா. நானும் வாங்கல."

அவர் தூணைப் பிடிக்காமல், வலிக்கிற காலை இழுத்து, பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்தார். ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விட்டார். அவள் உட்கார்ந்தாள். இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. வரிசை நகர்ந்தது, குறைந்தது, முடிந்தது. போதகர் கடைசி இரண்டு துண்டு அப்பத்தைத் தட்டில் வைத்துக்கொண்டு அவர்கள் பக்கம் பார்த்தபடி நின்றார். தலைமையாசிரியர் எழுந்திருக்கவில்லை. அவளும் எழுந்திருக்கவில்லை. கோபம் தணிகிறதா என்று இரண்டு பேரும் காத்துக்கொண்டிருந்தார்கள்.